பின்முக்கோணம் ஒருபுறம் சாய்ந்தபோது

குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகுக் குழாய்களைக் கொண்டு நானே இணைத்த முதல் சைக்கிள் ஃபிரேமில், பின்சக்கரம் நடுவில் நில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பின் அச்சு அமரும் பிளவு ஒன்றிலிருந்து நூலை இழுத்து, முன்னால் கைப்பிடித் தண்டு நுழையும் ஹெட் டியூபைச் சுற்றி, மறு பிளவில் கட்டி, நூலுக்கும் இருக்கைத் தண்டு நுழையும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தபோது 4 மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தது. பித்தளைப் பற்றவைப்புக்கு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; இடப்பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே நான் வலப்பக்கம் சென்றதால், ஆறும்போது சுருங்கிய உலோகம், பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களாலான பின்முக்கோணத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. எஃகு என்பதால், சூடாக்காமலே சிறிது சிறிதாக வளைத்து, ஒவ்வொரு முறையும் நூலால் சரிபார்த்து, பிளவுகளின் இடைவெளியை 130 மில்லிமீட்டரில் நிறுத்தினேன் (அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யவே கூடாது). அடுத்த ஃபிரேமில் இருபுறமும் மாற்றி மாற்றிச் சிறு பற்றவைப்புப் பொட்டுகள் வைத்து, அளந்த பின்னரே முழுமையாகப் பற்றவைத்தேன்.