செயற்கை இதயத்துக்குள் ஓட்டத்தை அளப்பது எப்படி?

ரத்தம் ஒளியை ஊடுருவ விடாது. அதனால் ரத்தத்துக்குப் பதில் தெளிந்த திரவத்தை ஓட விடுவேன்; இதய அறையின் மாதிரியை அக்ரிலிக் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் குடைந்து, பளபளக்கும்வரை மெருகேற்றுவேன். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் (ஒளி அதற்குள் நுழையும்போது எவ்வளவு வளையும் என்பதன் அளவு) 1.49. தண்ணீர், கிளிசரின், சோடியம் அயோடைடு கலந்த திரவத்தையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்; அப்போதுதான் இரண்டும் சேருமிடத்தில் ஒளி வளையாது. இதில் அவசரமே கூடாது. ஒருமுறை 1.47 போதும் என்று விட்டேன். வால்வோரப் படங்கள் எல்லாம் வளைந்து, ஒரு வார உழைப்பு வீணானது. திரவம் நிரப்பிய மாதிரியின் பின்னால் கட்டம் போட்ட தாளை வையுங்கள்: கோடுகள் நேராகத் தெரிய வேண்டும். திரவம் மஞ்சளித்தால் சிறிது சோடியம் தயோசல்பேட் சேருங்கள்.

பிறகு 10 மைக்ரான் கண்ணாடி மணிகளைக் கலந்து, தகடுபோல விரித்த பச்சை லேசர் ஒளியில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுங்கள். லேசரிலிருந்து கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி கட்டாயம். மணிகள் நகர்ந்த தொலைவை இடைவெளி நேரத்தால் வகுத்தால் வேகம். சுவரோரத்தை மட்டும் இருமுறை அளந்து பாருங்கள். ரத்தம் தேங்கி உறைவது அங்கேதான்.