பைன்வுட் டெர்பி காருக்குச் சக்கரம் தயார் செய்வது எப்படி?

பைன்வுட் டெர்பி என்பது கப் ஸ்கவுட் (சாரணர் இயக்கத்தின் சிறார் பிரிவு) பிள்ளைகள் மரக்கட்டையில் சிறிய கார் செய்து சரிவான தடத்தில் ஓடவிடும் பந்தயம். அந்தக் காரில் எஞ்சின் கிடையாது. 5 அவுன்ஸுக்கு மேல் போகாத மரக்கட்டை, சரிவின் உச்சியிலிருந்து தன் எடையால் மட்டுமே உருண்டு வந்தாக வேண்டும். 30 அடி தடத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய நூறு சுற்று சுற்றும். அந்த நூறு சுற்றிலும் அச்சாக இருக்கும் ஆணியும் சக்கரத்தின் நடுத்துளையும் உரசிக்கொண்டே இருக்கின்றன. பலர் கண்ணுக்குத் தெரியும் வெளிவிளிம்பைப் பளபளக்க வைப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, துளையைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். உழைப்பில் பாதிக்கு மேல் துளைக்குத்தான் போக வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கப் ஸ்கவுட் பேக் (உள்ளூர்க் குழு) கொடுத்த விதித்தாளைப் படியுங்கள். கிட்டில் (கட்டை, சக்கரம், ஆணி அடங்கிய பெட்டி) வரும் சக்கரத்தைக் குடைந்து எடை குறைப்பது, தடத்தைத் தொடும் பரப்பை ஒடுக்குவது, வளைவாக்குவது ஆகியவற்றை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் தடை செய்திருக்கிறார்கள். வாஷர், பேரிங், எண்ணெய் ஆகியவையும் பெரும்பாலும் கூடாது. எடை குறைந்த சக்கரத்தைச் சுழற்றக் குறைந்த ஆற்றலே போதும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. பிசிறு எடுப்பது, வழவழப்பாக்குவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வு

சக்கரத்தை அதன் ஆணியில் மாட்டி, ஒரு பென்சில் முனையை விளிம்புக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. முனையை மேலே வைத்து ஒருமுறை, பக்கவாட்டில் வைத்து ஒருமுறை பாருங்கள். உள்பக்கம் அச்சான சிறிய எண், அந்தச் சக்கரம் எந்த வார்ப்புக்குழியில் உருவானது என்பதைச் சொல்லும். கூடுதலாக ஒரு செட் கையில் இருந்தால் ஒரே எண் உள்ளவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்.

வெளிவிளிம்பு

வார்ப்பின்போது பிளாஸ்டிக் உள்ளே போன இடத்தில் சிறிய புடைப்போ பிசிறோ இருக்கும். சக்கரத்தை மேண்ட்ரெலில் (டிரில்லில் சக்கரத்தைப் பிடித்து வைக்கும் தண்டு) மாட்டி, டிரில்லை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தண்ணீரில் நனைத்த 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைப் பத்துப் பதினைந்து வினாடி லேசாகக் காட்டுங்கள். பின்னால் ஒரு தட்டையான மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் ஓரங்கள் உருண்டுவிடும். பிறகு 600, 1000. வேகம் கூடினாலோ பேப்பர் காய்ந்தாலோ பிளாஸ்டிக் சூடேறி இழுபட்டுவிடும்; அப்படி இழுபட்ட சக்கரத்தைத் திரும்பச் சரியாக்குவது கடினம். பிசிறு போனதும் நிறுத்துங்கள்.

துளை

காரின் எடை ஆணி வழியாகத் துளையின் அடிப்பக்கத்தில்தான் இறங்குகிறது. அங்கே நுண்ணிய வரியோ பிசிறோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைத் தின்னும். டிரில் பிட் விட்டுத் துளையைச் "சுத்தம்" செய்யாதீர்கள். துளை பெரிதாகி ஆணியில் சக்கரம் ஆடத் தொடங்கும், காரின் பக்கக் கட்டையில் போய் மோதும்.

பைப் கிளீனர் (பஞ்சு இழை சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் மென்மையான பாலிஷைத் தொட்டு, துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் முப்பது நாற்பது முறை இழுங்கள். இழுக்கும்போதே சக்கரத்தையும் திருப்பிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு தேயும். உள்ளே இருக்கும் கம்பி முனை துளையைக் கீறாதபடி நுனியை மடித்துவிடுங்கள். பைப் கிளீனர் கறுத்ததும் புதியது மாற்றுங்கள். கடைசியில் துளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: சுவர் மங்கலாக இல்லாமல் கண்ணாடிபோல் மின்ன வேண்டும்.

அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பாலிஷ் துளி மிச்சமிருந்தாலும் பின்னால் உராய்வைக் குறைக்கப் போடும் கிராஃபைட் பொடி அதில் குழைந்து பசையாகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று மந்தமாவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும். ஒரு இரவு காயவிடுங்கள்.

துளையைத் தவிர இன்னும் இரண்டு இடங்கள் உரசும். ஆணியின் தலை சக்கரக் குடத்தின் (துளையைச் சுற்றியுள்ள நடுப்பகுதி) வெளிமுகத்தில் உரசும். குடத்தின் உள்முனை காரின் பக்கக் கட்டையில் உரசும். இரண்டையும் 1000ஆம் நம்பர் பேப்பரில் வைத்து இரண்டு மூன்று சுற்று மட்டும் தேய்த்துச் சமமாக்குங்கள். உள்முனையைக் கூம்பாக்கினால் உராய்வு குறையும்தான், ஆனால் உங்கள் விதித்தாள் அனுமதித்தால் மட்டும்.

ஆணியில் தலைக்கு அடியில் இருக்கும் பிசிறை அரத்தால் எடுத்து, அதே 400, 600, 1000 வரிசையில் தேய்த்துவிடுங்கள். ஆணி கரடாக இருந்தால் துளைக்குச் செய்த வேலை அத்தனையும் வீண்.

கிராஃபைட்

கீழே பழைய காகிதம் விரித்துக்கொள்ளுங்கள், இந்தப் பொடி எங்கும் படியும். துளைக்குள் கொஞ்சம் போட்டு, ஆணியை விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நின்றதும் மறுபடி பொடி, மறுபடி சுற்று, ஐந்தாறு முறை. ஒரே தடவையில் நிறையக் கொட்டுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் சுவரில் பூச்சாகப் பிடிக்கும். ஆணித் தலையின் அடியிலும், குடம் தொடும் பக்கக் கட்டையிலும் விரலால் தேய்த்துவிடுங்கள்.

இப்போது நான்கு சக்கரங்களையும் ஒரே ஆணியில் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே விசையில் சுற்றிப் பாருங்கள். நிற்கும் முன் முன்னும் பின்னும் ஊசலாடினால் ஒரு பக்கம் இம்மியளவு கனம் என்று பொருள். உராய்வு குறைவாக இருப்பதால்தான் அது தெரிகிறது, கவலை வேண்டாம். சட்டென்று நின்றால் துளையில் ஏதோ மிச்சமிருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். எடை பெரும்பாலும் பின்னால் இருப்பதால் சிறந்த இரண்டையும் பின்பக்கம் மாட்டுங்கள். ஒரு முன்சக்கரத்தைத் தடம் தொடாமல் தூக்கி வைப்பதாக இருந்தால் நான்கில் மோசமானது அங்கே போகட்டும்.

மாட்டும்போது குடத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு கிரெடிட் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். இறுக்கினால் உரசும், அதிகம் விட்டால் கார் பக்கவாட்டில் அலையும். பந்தயம் வரை காரைத் தரையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். தூசி நேராகத் துளைக்குப் போகும். சக்கரங்கள் மேலே பார்க்கும்படி ஒரு பெட்டிக்குள் கவிழ்த்து வையுங்கள்.