வலிக்காத காலை முதலில் பாருங்கள்

மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து, முட்டி வீங்கி வருகிறவர்களைப் பிசியோதெரபி மாணவர்கள் சோதிக்கும்போது கூடவே நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் கை நேராக வலிக்கும் முட்டிக்குத்தான் போகும். முதல் தவறு அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்வாக இருக்கும். அவருடைய நல்ல காலைத் தொட்டுப் பார்க்காமல் எது தளர்வு, எது கிழிசல் என்று எப்படிச் சொல்வது? நல்ல காலில் செய்து காட்டினால் அவருக்குப் பயமும் குறையும்.

பயம் குறைவது பெரிய விஷயம். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் முட்டிக்குள் பிடித்துவைக்கும் முன் சிலுவைத் தசைநாரைச் (ACL) சோதிக்க, முட்டியை 90 பாகை மடக்கிக் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுப்பார்கள். வலிக்குப் பயந்து தொடையின் பின்தசை இறுகிவிட்டால், நார் அறுந்திருந்தாலும் எலும்பு அசையாது. "ஒன்றும் இல்லை அக்கா, போங்க" என்று அனுப்பிவிடுவோம். அந்த அக்கா மறுநாள் கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்குவார், முட்டி விலகி மறுபடி விழுவார். அதனால் அதே நாருக்கான லாக்மன் சோதனையையே நம்புங்கள். முட்டி 20 முதல் 30 பாகைதான் மடங்கியிருக்க வேண்டும். தொடையின் கீழ் சுருட்டிய துவாயை வையுங்கள், தசை தளரும்வரை பேச்சுக் கொடுங்கள், அப்புறம் இழுங்கள். எவ்வளவு அசைகிறது என்பதோடு, முடிவில் 'டக்' என்று நிற்கிறதா, மெத்தென்று போகிறதா என்பதையும் கை உணர வேண்டும்.

இழுக்கும் முன் பக்கவாட்டில் குனிந்து இரண்டு முட்டிகளையும் பாருங்கள். பின் சிலுவைத் தசைநார் அறுந்தால் கீழ்க்கால் எலும்பு பின்னால் தொய்ந்திருக்கும். இழுத்ததும் அது பழைய இடத்துக்கு வருவதைப் பார்த்து, முன்நார் போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள்.

அடிபட்ட முட்டியை முறுக்கும் முன் எலும்பு முறிவை நினையுங்கள். நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியவில்லை, 90 பாகை மடங்கவில்லை, முட்டிச்சில்லிலோ வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையிலோ தொட்டால் வலி, வயது 55 அல்லது அதற்கு மேல்: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே.

தோளுக்கு வருவோம். நுவரெலியாக் குளிரில் சுவெட்டரைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு, துணிக்கு மேலாகவே சோதிக்கிறோம். திரையை இழுத்துவிட்டு, பெண் என்றால் ஒரு தாதியை உடன் வைத்துக்கொண்டு, இரண்டு தோளையும் பாருங்கள். தசை தேய்ந்திருப்பது துணிக்கு மேல் தெரியாது.

கையைத் தூக்க முடியவில்லை என்றதும் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் தூக்கிப் பாருங்கள். உங்கள் கைக்கு வருகிறது, அவரால் முடியவில்லை என்றால் தசைநார்க் கிழிசலைச் சந்தேகிக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்பக்கம் திருப்பும்போது உங்கள் கைக்கும் வராவிட்டால், மூட்டே இறுகிப்போன 'உறைந்த தோளாக' இருக்கலாம். சர்க்கரை வியாதி உண்டா என்று கேளுங்கள்.

தோள் முன்பு ஒருதரம் கழன்றவர் என்றால், கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி வெளியே திருப்பும்போது அவர் முகத்தையே பாருங்கள். "கழண்டுருமோ" என்ற பயம் முகத்தில் வந்த நொடியே சோதனை முடிந்தது, கையை இறக்கிவிடுங்கள்.