கதிர் வந்தானா, வந்தாளா? பொதுப்பெயர் வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

என் பெயரை ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். போதாததற்கு அதில் ஒரு ழகரமும் உண்டு. அதனால் விவரம் தெரிந்த நாள் முதல் இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "சார் இல்லைங்க, மேடம்" என்பது ஒன்று. "எல் இல்லைங்க, இசட் ஹெச்" என்பது இன்னொன்று. அப்படியும் என் பெயர் எனக்குப் பிடிக்கும். சொந்தத்தில் யாருக்காவது குழந்தை பிறக்கப்போகிறது என்றால், "பையனுக்கும் பொண்ணுக்கும் பொதுவா ஒரு பேரு சொல்லேன்" என்று என்னிடம்தான் வருகிறார்கள். பெயர் சொல்வதில் சிரமம் இல்லை. அதைத் தாளில் எழுதும்போதுதான் சறுக்குகிறார்கள்.

பொதுப்பெயர் என்பது ஏதோ இன்றைய நாகரிகம் என்று நினைப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். இசக்கி, பேச்சி, மாரி, காளி என்று குலசாமி பெயரை ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் வைத்தவர்கள் நாம். வீட்டில் இரண்டு பேருமே மாரிதான். ரேஷன் கார்டில் ஒருவர் மாரியப்பன், இன்னொருவர் மாரியம்மாள். முத்து, மணி, தங்கம் எல்லாம் அப்படித்தான். ஆணா பெண்ணா என்று காட்டும் வேலையை வால் பார்த்துக்கொண்டது.

இப்போது வாலை நறுக்கிவிட்டோம். கதிர், எழில், மகிழ், முகில், சுடர், இசை, மதி, தென்றல், அருள். இரண்டு மூன்று, மிஞ்சினால் நான்கு எழுத்தில் கச்சிதமாக நிற்கிற பெயர்கள். பேச்சில் இதனால் பெரும்பாலும் குழப்பம் வராது. கதிர் வந்தான், கதிர் வந்தாள் என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். தொல்காப்பியம் இரண்டு திணைக்கும் பொதுவாக வரும் பெயர்களை விரவுப்பெயர் என்கிறது. உரைகாரர்கள் சொல்லும் எடுத்துக்காட்டு 'சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது'. முதல் சாத்தன் மனிதன், இரண்டாவது சாத்தன் எருது. எருதையும் மனிதனையுமே பிரித்துக் காட்டுகிற வினைக்கு ஆணும் பெண்ணும் எம்மாத்திரம்.

ஆனால் விண்ணப்பப் படிவத்தில் வினைச்சொல் கிடையாது. அங்கே பெயர் தனியாக நிற்கும். படிக்கிறவர் எழுத்தைப் பார்த்தும், பக்கத்தில் நிற்கிற இன்னொரு பெயரைப் பார்த்தும்தான் ஊகிப்பார். பொதுப்பெயரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஊகத்தில் பிறப்பவை.

ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டும் வால்

பெண் குழந்தைக்குக் கதிர் என்று முடிவு செய்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கடைசியில் ஒரு 'ஏ' சேர்ப்பவர்கள் நிறையப் பேர். "அப்பத்தான் பொண்ணுன்னு தெரியும்" என்பார்கள். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரு வரியில் கதிர், அடுத்த வரியில் கதிரா என்றால் ஒரே தாளில் இரண்டு குழந்தைகள் பிறந்தமாதிரி. பள்ளியில் ஆசிரியர் ஆங்கிலத்தைப் பார்த்துக் கதிரா என்று வாசிப்பார். ஆறு மாதத்தில் குழந்தையே தன் பெயரை அப்படித்தான் சொல்லும்.

பால் தெரியத்தான் வேண்டும் என்றால் தமிழிலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆணுக்குக் கதிரவன், எழிலன், முகிலன். பெண்ணுக்குக் கதிர்ச்செல்வி, எழிலரசி, மகிழ்மதி. இரண்டு எழுத்திலும் அதையே முழுதாக எழுதுங்கள். வேண்டாம் என்றால் இரண்டிலும் வேண்டாம். வால் வைத்தாலும் அது நூறு ஆண்டு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜராஜ சோழனின் இயற்பெயர் அருள்மொழி. இன்றைக்கு அருள்மொழி என்று யாராவது அறிமுகமானால் பெண்ணாக இருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு.

எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுவதும் இந்த வகைதான். இரண்டு 'ஆர்', மூன்று 'ஐ' என்று சேர்ப்பதெல்லாம் ஆங்கில எழுத்துக்குத்தான். தமிழில் பெயர் அப்படியே இருக்கிறது, கூட்டுத்தொகை மட்டும் மாறுகிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் பாருங்கள், அவ்வளவுதான். சான்றிதழ் வாங்கி, ஆதார் எடுத்து, பள்ளியில் சேர்த்த பிறகு நியூமராலஜிக்காரரிடம் போகிறவர்களைத்தான் பிறகு அரசிதழ் பெயர்மாற்ற விண்ணப்பத்தோடு பார்க்க முடிகிறது.

தகரம், ககரம், ழகரம்

மதி என்று ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? டைகருக்கு வரும் 'டி'யும் ஹெச்சும் போடலாம். டெல்லிக்கு வரும் 'டி'யும் ஹெச்சும் போடலாம். இரண்டும் நம் ஊரில் பழகியவை. (தொலைபேசியில் பெயர் சொல்லும்போது டைகரையும் டெல்லியையும் துணைக்கு அழைக்காமல் ஒரு தமிழராலும் முடியாது. இரண்டு எழுத்துக்கும் நம்மிடம் ஒரே 'டி'.) ஹெச்சை விட்டுவிட்டு டெல்லி 'டி'யை மட்டும் போட்டால் வந்தது வினை. அது மதி இல்லை, மடி. நிலவைப் பெயராக வைத்துவிட்டுச் செத்துப்போ என்று எழுதியதுபோல ஆகிவிடும்.

கதிருக்கும் அதே கதி. ஹெச் போடாமல் எழுதினால் அது அப்துல் காதரில் வரும் காதரின் ஓர் எழுத்துவடிவம். துருக்கியில் அதே எழுத்துகளில் ஆண்களுக்கு வைக்கும் பெயர் உண்டு. நல்ல பெயர்தான். ஆனால் உங்கள் பெண்ணின் பெயர் அதுவல்ல. ஒரே ஒரு எழுத்து குறைந்ததில் அவளுக்குப் பாலும் மாறி, ஊரும் மாறிவிடுகிறது.

அகில் இன்னொரு பொறி. நாம் நினைப்பது அகிற்புகை தரும் வாசனை மரத்தை. 'கே'க்குப் பிறகு ஒரு ஹெச் போட்டுவிட்டால் அது வடமொழி அகில், அனைத்தும் என்று பொருள், வடக்கே முழுக்க ஆண்பெயர். பெண்ணுக்கு வைப்பதாக இருந்தால் அந்த ஹெச்சை அண்ட விடாதீர்கள். முகிலுக்கும் மகிழுக்கும் 'ஜி' போடுவதா 'கே' போடுவதா என்பது உங்கள் இஷ்டம். 'ஜி' உச்சரிப்புக்கு நெருக்கம் என்பது என் கட்சி.

ழகரத்துக்கு வருவோம். இங்கே இசட் ஹெச் போடுவது வழக்கம், கேரளத்திலும் அதுவேதான். கோழிக்கோடும் ஆலப்புழையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இலங்கையில் பெரும்பாலும் 'எல்' போதும். ஈழம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் எல்லோடுதான் உலகத்துக்குத் தெரியும். நம் மொழியின் பெயரும் அப்படித்தான். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. எந்த ஊர்க்காரர்கள் அதிகம் வாசிக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். இசட் ஹெச் போட்டால் வடக்கே ஜகரச் சாயலில் வாசிப்பார்கள், இந்திச் செய்திகளில் கனிமொழியின் பெயர் படும் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். 'எல்' போட்டு எழிலை எழுதினால் நம் ஊர் வகுப்பறையில் முதல் நாளே 'எலி' என்று ஒரு பட்டம் தயாராகிவிடும். எனக்கு இசட் ஹெச் பரவாயில்லை. தவறாக வாசித்தாலும் அந்நியமாகத் தெரியுமே தவிர கேலிக்கு இடம் தராது. ஹெச் இல்லாமல் வெறும் இசட் மட்டும் போடுவதுதான் இரண்டுங்கெட்டான். அதைத் தமிழரும் ழ என்று வாசிக்க மாட்டார்கள்.

வாயில் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிடுங்கள். மெய்யெழுத்தில் முடிகிற பெயரோடு பேச்சில் ஓர் உகரம் ஒட்டும்: எழிலு, முகிலு, கதிரு. மதுரைக்குத் தெற்கே ழ, ள ஆகும். சென்னைப் பக்கம் ய ஆகும், வாழைப்பழம் வாயப்பயம் ஆவதுபோல. மகிழ் என்று வைத்தால் பாட்டி 'மகிளு' என்றுதான் கூப்பிடுவார். அது காதுக்கு உறுத்தாது என்றால் வையுங்கள். பாட்டியைத் திருத்த முடியாது.

அப்பா பெயர் பின்னால் வந்து நிற்கும்போது

பெயர் தேடும்போது யாரும் யோசிக்காத இடம் இதுதான். பஞ்சாபில் சீக்கியர்களின் பெயர்கள் பெரும்பாலும் பொதுப்பெயர்களே. ஹர்மன்பிரீத் கௌர் மகளிர் கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்து வருபவர். ஹர்மன்பிரீத் சிங் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஆண்கள் ஹாக்கி அணியின் கேப்டன். கௌர் என்றால் பெண், சிங் என்றால் ஆண், முடிந்தது கதை. நமக்கு அந்த வசதி இல்லை. நம் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் முதல் எழுத்து. உள்ளூரில் அது யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காது.

பாஸ்போர்ட்டில் நிலைமை வேறு. முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயர் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் போய் உட்காரும். மதி என்ற பெண்ணுக்குப் பின்னால் செல்வம் என்றோ முருகன் என்றோ ஓர் ஆண்பெயர் வந்துவிட்டால், தமிழ் தெரிந்தவர்கூட அந்த முழுப்பெயரை ஆணின் பெயராகத்தான் வாசிப்பார். தெரியாதவர் அப்பா பெயரைச் சொல்லி 'மிஸ்டர்' என்று கடிதம் எழுதுவார். இதே பெண்ணுக்கு அபிராமி என்றோ கவிதா என்றோ பெயர் இருந்தால் அப்பா பெயர் பின்னால் வந்தாலும் பெரிய சேதமில்லை. பொதுப்பெயருக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முக்கியம்.

ஆகவே பெயரைத் தனியாக வைத்து ரசிக்காதீர்கள். அப்பா பெயரோடும் அம்மா பெயரோடும் சேர்த்து எழுதிப் பாருங்கள். மகளுக்கு அம்மா பெயரைப் பின்னால் வைக்கலாமே என்று இரண்டு வீடுகளில் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் வைத்தார்கள், இன்னொரு வீட்டில் பேச்சை மாற்றிவிட்டு டீ கொடுத்தார்கள்.

குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருப்பவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தபோது விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் கணிசம்.

பதிவேட்டில் ஏற்றும்போது

மருத்துவமனையில் கேட்கிறார்கள் என்பதற்காக அவசரப்பட்டுப் பெயர் கொடுக்க வேண்டியதே இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரைக்கும் சேர்க்கலாம். நான் சொல்வது மூன்று மாதம் பொறுங்கள் என்று. இரண்டு மூன்று பேரிடம் பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்த எழுத்தைக் காட்டி வேறு இரண்டு பேரை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது தமிழ் தெரியாதவராக இருக்கட்டும்.

ஒருமுறை ஏறிவிட்ட பெயரை, மனசு மாறிவிட்டது என்று சொல்லிப் பதிவேட்டில் மாற்ற முடியாது. எழுத்துப்பிழை என்றால் திருத்த விண்ணப்பிக்கலாம், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் மாறியிருக்கிறது. எங்கள் காலத்தில் பள்ளிச் சான்றிதழை வைத்து ஒப்பேற்றிவிட்டோம். என் பிறப்புச் சான்றிதழில் 'எல்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இசட் ஹெச். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்கள், ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்று பட்டியல் வந்ததும் பிடித்த பெயரை வளைக்கத் தொடங்குவார்கள். அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, சான்றிதழில் பிடித்ததை எழுதுங்கள். பல வீடுகளில் காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது.

ஆதார் எடுக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் தட்டியதும் மென்பொருளே தமிழில் ஒரு பெயரைக் கொண்டுவரும். மதி 'மாத்தி' ஆவதும், எழில் 'எழஹில்' ஆவதும் அங்கேதான். பெயரைப் பார்த்தே ஆண் என்றோ பெண் என்றோ தட்டிவிடுகிற கைகளும் உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம், பாலினத்தை ஒரே முறை. பதிபவருக்கு எதிரே உங்கள் பக்கம் திரும்பிய ஒரு திரை இருக்கும். இல்லை என்றால் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தமிழ், ஆங்கிலம், பாலினம் மூன்றையும் வாசித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.