லிம்போமா ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? ரத்தப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும்

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியோ, தனியார் மருத்துவமனையோ, லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் குடும்பத்தார் கேட்பது ஒன்றுதான்: "குணமாயிடுமா டாக்டர்?" எந்தத் தாளும் அதற்கு நேராகப் பதில் சொல்லாது. ஆனால் மருத்துவர் எதை வைத்துக் கணிக்கிறார் என்பதை நாமும் புரிந்துகொள்ளலாம். பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் டிஎல்பிசிஎல் (டிஃபியூஸ் லார்ஜ் பி-செல்) வகை லிம்போமாவை எடுத்துக்கொள்வோம்.

படி 1: ஐபிஐ மதிப்பெண்

நோயின் போக்கை முன்கூட்டியே கணிக்க 1993இல் வந்த கணக்கு இது. கேள்விகள் ஐந்து. வயது 60க்கு மேலா? ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி வரம்பைத் தாண்டியதா? நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டமா? நிணநீர் முடிச்சுகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பில் இருக்கிறதா? வேலை செய்ய முடியாத அளவுக்குத் தளர்ச்சியா? ஒவ்வொரு 'ஆம்'க்கும் 1.

ஒரு கற்பனைக் கணக்கு: வயது 64, எல்டிஎச் 510 (லேப் வரம்பு 250), மூன்றாம் கட்டம். வேறு உறுப்பில் நோய் இல்லை, தினமும் கடையைத் திறக்கிறார். மொத்தம் 3. 0–1 என்றால் ஆபத்து குறைவு, 4–5 என்றால் அதிகம். 2, 3 இடைநிலை.

ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலும் எல்டிஎச் பொய்யாக ஏறும். மற்ற அறிகுறிகளோடு ஒத்துப்போகாமல் எகிறியிருந்தால், மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள். இன்னொன்று: இணையத்தில் கிடைக்கும் பழைய ஐபிஐ சதவீதங்கள் ரிட்டுக்ஸிமாப் மருந்து வருவதற்கு முந்தையவை. அவற்றைப் படித்து மனம் உடையாதீர்கள்.

படி 2: ஸ்கேனுக்குத் தயாராவது

என்னைக் கேட்டால், குடும்பத்தின் கையில் முழுதாக இருப்பது இந்தப் படிதான். பெட் ஸ்கேனுக்காக உடம்பில் ஏற்றுவது கதிரியக்கம் கலந்த ஒருவகைச் சர்க்கரை. புற்றணுக்கள் அதை அதிகம் இழுப்பதால் படத்தில் ஒளிர்கின்றன. ஆகவே சுமார் ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர்தான். தே தாரிக், மைலோ, மிட்டாய் எதுவும் கூடாது. முந்தின நாள் தண்ணீர்மலைக் கோயில் படி ஏற வேண்டாம், உழைத்த தசைகளும் ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்துக் கொழுப்பும் அப்படியே. ஏர்கோன் அறைக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினால் ஸ்கேனைத் தள்ளிவைக்கக்கூடும். வெள்ளையணு ஏற ஊசி போட்டிருந்தால் தேதியோடு தெரிவியுங்கள். அதனால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும்.

படி 3: டோவில் எண்

சிகிச்சைக்குப் பின் எடுத்த ரிப்போர்ட்டில் 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். நோய் இருந்த இடத்தின் ஒளியை முக்கியமாகக் கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டுத் தருவது அது. கல்லீரலைத் தாண்டாவிட்டால் 1, 2 அல்லது 3. பொதுவாக நல்ல பலன். மிதமாகத் தாண்டினால் 4. மிக அதிகமானாலோ, புது இடத்தில் நோய் தெரிந்தாலோ 5. ஆனால் 4 வந்தாலே மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. அழற்சியும் ஒளிரும், அதனால் திசுவை எடுத்துப் பார்த்து உறுதிசெய்வார்கள். கீமோ முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

வேறு மருத்துவமனையில் எடுப்பதானால் முதல் ஸ்கேன் சிடியை மறக்காமல் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: "ஒளி எந்த இடத்தில்? கல்லீரலைவிட எவ்வளவு அதிகம்? போன தடவை அங்கே இருந்ததா?"