ஹம்பியை இரண்டு நாளில் நடந்து பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஹம்பிக்குப் போய் வந்தவர்களில் பலர் "ஒரே கல்லு, ஒரே வெயில்" என்று அலுத்துக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடித்து, ஓட்டுநர் நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி ஏறி, மாலை நான்கு மணிக்குள் முடித்தால் அப்படித்தான் தோன்றும். பாரம்பரியச் சின்னமாக 1986-இல் யுனெஸ்கோ அறிவித்த பகுதி 41 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் 1,600-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் எஞ்சியிருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். வெயிலை வைத்து நேரத்தைப் பிரித்துக்கொண்டு, கல்லைப் படிக்கக் கொஞ்சம் கற்றுக்கொண்டால் இரண்டு நாளில் ஊர் பிடிபட்டுவிடும்.

படி 1: மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச் பிறந்தாலே பாறை சூடேறத் தொடங்கும். கருங்கல் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாலையிலும் வீசும் என்பதால், நிழலில் நின்றாலும் அனல்தான். மழைக்காலத்தில் ஊர் பச்சையாக அழகாக இருக்கும். ஆனால் ஹொசபேட்டையில் உள்ள துங்கபத்ரா அணையில் மதகு திறந்தால் ஆற்றோரப் பாதை முழுகிவிடும், புரந்தரதாசர் மண்டபம் தண்ணீருக்குள் போய்விடும், பரிசலும் படகும் நின்றுவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் கிளம்பும் முன் அணையின் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அறை கிடைப்பது கடினம். கமலாபுரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாள் குறுக்கே வராமல் திட்டமிடுங்கள்.

படி 2: போய்ச் சேர்வதும் தங்குவதும்

ரயில் நிலையம் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி சுமார் 13 கிலோமீட்டர், அரசுப் பேருந்தில் அரை மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சிரமமில்லாத வழி பெங்களூரு போய், இரவு கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துக்கொள்வது. காலையில் ஹொசபேட்டையில் இறங்கலாம். குந்தக்கல் வழியாகவும் வரலாம், ஆனால் அங்கே வண்டி மாற வேண்டும்.

தங்க மூன்று இடங்கள். விருபாட்சர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்துகளில் சிறிய விடுதிகள் உண்டு. அதிகாலையில் கிளம்ப இதுதான் வசதி. ஆனால் கோயிலை ஒட்டிய பகுதி என்பதால் சைவச் சாப்பாடு மட்டுமே. கமலாபுரம் நான்கு கிலோமீட்டர் தள்ளி, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. ஹொசபேட்டையில் அறைகள் அதிகம், ஆனால் விடியலைப் பார்ப்பது சிரமமாகிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் கோயில் பக்கத்தையே சொல்வோம்.

படி 3: பையில் என்ன?

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, கை விளக்கு, சில்லறை நோட்டு. கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடக்க ஒரு ஜோடி தடித்த காலுறை. பாறையில் வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். பை சலசலத்தால் தின்பண்டம் என்று நினைத்துக் குரங்கு பிடுங்கும், உள்ளே இருப்பது கேமராவானாலும் சரி. சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கல்லைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹம்பிதான் அன்றைய விஜயநகரம், அதே பெயருள்ள பேரரசின் தலைநகர். 1336-இல் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கியது. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் சூறையாடப்பட்டு, எரிக்கப்பட்டு, கைவிடப்பட்டது. ஆனாலும் கோயில்கள் நிற்கின்றன, அரண்மனை ஒன்றுகூட இல்லை. ஏன்?

கோயில் அடி முதல் கூரை வரை கருங்கல். அரண்மனைக்கு மேடை மட்டும்தான் கல். அதன்மேல் நின்றதெல்லாம் மரத்தூணும் மரக்கூரையும். தீ வைத்ததும் மேலே இருந்தது போய்விட்டது, மேடை மிஞ்சியது. அரச வளாகத்தில் வெறும் திண்ணை போலத் தெரியும் இடத்தில் ஏறி நின்று குனிந்து பாருங்கள், வரிசையாகத் தூண் நட்ட குழிகள் தெரியும். குழிகளை எண்ணினால் மண்டபம் எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அடுத்து, பாறைகளின் விளிம்பில் ஒரே இடைவெளியில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். பாறையைப் பிளந்த தடம் அது. உளியால் குழி வெட்டி, காய்ந்த மரக்கட்டையை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். கட்டை ஊதிப் பாறையைப் பிளக்கும். பிளக்காமல் பாதியில் விட்ட பாறைகளும் ஏராளம்.

மூன்றாவது, கோபுரங்கள். கீழ்நிலை கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். சுதை உதிர்ந்த இடத்தில் செங்கல் சிவப்பாகத் தெரியும். திருவண்ணாமலைக் கோபுரத்தையோ சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தையோ பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டமைப்பு பழக்கமானது. இரண்டிலும் கிருஷ்ணதேவராயரின் கை உண்டு.

படி 5: முதல் நாள் காலை, 7 முதல் 11 வரை

விருபாட்சர் கோயிலில் தொடங்குங்கள். இங்கே இன்றும் பூஜை நடக்கிறது. கிழக்குக் கோபுரம் ஒன்பது நிலை, ஏறக்குறைய 50 மீட்டர். கருவறைக்குப் பின்பக்கம் ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கே சுவரில் அந்தக் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். சிறு துளை வழியே ஒளி நேர்கோட்டில் வருவதால் மேலே உள்ளது கீழே போகிறது, வேறு மாயம் எதுவும் இல்லை. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். உடனே தெரியவில்லை என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கோயிலின் தெற்கே ஹேமகூடம். செங்குத்து இல்லாத வழவழப்பான பாறைக் குன்று, குழந்தைகளும் ஏறலாம். மறுபக்கம் இறங்கினால் இரண்டு பிள்ளையார். கடலேகாளு கணேசா 4.6 மீட்டர் உயரம், ஒரே பாறை. சாசிவேகாளு கணேசா 2.4 மீட்டர். பெயர்களுக்குக் கன்னடத்தில் கடலை, கடுகு என்று பொருள். கடுகுப் பிள்ளையாரை முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள், பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே பார்வதியின் முதுகும் பின்னலும் செதுக்கியிருக்கும். பிள்ளை தாய் மடியில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் புரியும்.

தெற்கே சாலையோடு நடந்தால் கிருஷ்ணன் கோயில். உதயகிரிக் கோட்டையை வென்று, அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணனுக்காகக் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. 1513-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வளாகத்திலேயே நிற்கிறது. கருவறை காலி. அந்தச் சிலை இப்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னைவாசிகள் கிளம்பும் முன்பே அதைப் பார்த்துவிட்டு வந்தால், இந்த வெறுமையான கருவறையின் முன் நிற்பது வேறு விதமாக இருக்கும்.

இன்னும் சிறிது தூரத்தில் 6.7 மீட்டர் நரசிம்மர், 1528-இல் செதுக்கியது. உக்கிர நரசிம்மர் என்று சொல்வார்கள், உண்மையில் இவர் லட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த தாயார் உடைந்துபோனார். அவர் அணைத்திருந்த கை மட்டும் நரசிம்மரின் முதுகுப்பக்கம் மிஞ்சியிருக்கிறது, பக்கவாட்டில் நகர்ந்து தேடுங்கள். ஒட்டினாற்போல் மூன்று மீட்டர் படவிலிங்கம். வாய்க்கால் நீர் உள்ளே வருவதால் லிங்கத்தின் அடி எப்போதும் தண்ணீரில் நிற்கும். சுற்றிலும் உள்ள வாழைத்தோட்டங்களுக்குப் பாய்வதும் விஜயநகரக் காலத்து வாய்க்கால்கள்தான். நகரம் அழிந்தாலும் பாசனம் நிற்கவில்லை.

படி 6: மதியம், வெயிலில் நடக்காதீர்கள்

பதினொன்று முதல் மூன்றரை வரை கமலாபுரத்தில் சாப்பாடும் அருங்காட்சியகமும். முற்றத்தில் ஹம்பி முழுவதன் மாதிரி வடிவம் பெரிதாக அமைத்திருக்கிறார்கள். ஆறு எங்கே, மலைகள் எங்கே, அரச வளாகம் எங்கே என்று பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். காலையில் நடந்த வழியை விரலால் காட்ட முடிந்தால் மறுநாள் தொலைந்துபோக மாட்டீர்கள்.

படி 7: முதல் நாள் மாலை, அரச வளாகம்

மகாநவமி திப்பா என்ற மூன்றடுக்குக் கல்மேடைதான் மையம். நவராத்திரி ஒன்பது நாளும் மன்னர் இங்கிருந்துதான் ஊர்வலங்களைப் பார்த்தார். 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் அந்த விழாவை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மேலே ஏறும் முன் அடுக்குகளைச் சுற்றி நடந்து புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். வேட்டை, யானை, குதிரை வணிகர், நடனம் என்று போகும். மேடையின் உச்சியில் எதுவும் இல்லை, அங்கே மர மண்டபம் இருந்தது.

அருகில் கருநிறப் பலகைக்கல்லில் இழைத்த படிக்குளம். 1980-களின் அகழாய்வில்தான் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தது. படிக்கற்களில் சிறு எழுத்துகளும் குறிகளும் தெரியும். எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று கொத்தர்கள் போட்ட அடையாளம். வேறிடத்தில் செதுக்கி எடுத்துவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள்.

பிறகு ஹசார ராமர் கோயில். வெளிமதிலில் திருவிழா ஊர்வலம், உள்ளே மண்டபச் சுவரில் ராமாயணம். வலம் வரும் திசையில் சுற்றிக்கொண்டே படியுங்கள், எதிர்த்திசையில் போனால் கதை பின்னோக்கி ஓடும். மாலைச் சாய்வெயில் சிற்பங்களுக்கு மிகவும் நல்லது. உச்சிவெயிலில் இவை தட்டையாகத்தான் தெரியும்.

படி 8: இரண்டாம் நாள், மதங்க மலையிலிருந்து விட்டலர் வரை

டிசம்பர், ஜனவரியில் சூரியன் 6:45 வாக்கில் எழும். 5:45-க்குக் கிளம்பினால் போதும். கடைத்தெருவின் கிழக்குக் கோடியில் உள்ள பெரிய நந்திக்குப் பக்கத்திலிருந்து ஏற்றம், அரை மணி முதல் முக்கால் மணி. தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராவது சேர்ந்து விளக்கோடு போங்கள். மழை பெய்த மறுநாள் ஏறவே வேண்டாம், பாறை வழுக்கும்.

இறங்கும்போது வந்த வழியே திரும்பாமல், அச்சுதராயர் கோயில் பக்கம் இறங்கும் படிகளைப் பிடியுங்கள். 1534-இல் கட்டிய அந்தக் கோயிலும் எதிரே நீளும் தேர்வீதியும் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட உங்களுக்கே. வீதி முடிவில் ஆற்றோரப் பாதை வரும். வலப்பக்கம் திரும்பி நடந்தால், மன்னர் துலாபாரம் கொடுத்த கல்தூண்களைத் தாண்டி விட்டலர் கோயில். 8:30 வாக்கில் உள்ளே போய்விட்டால் கூட்டம் வரும் முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். நடக்க முடியாதவர்கள் சாலை வழியாக வரலாம். வண்டியை ஒரு கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டு மின்கலக் காரில் ஏற வேண்டும்.

ஐம்பது ரூபாய் நோட்டில் உள்ள கல்தேர் இங்கேதான் இருக்கிறது. ஒரே கல் அல்ல, பல துண்டுகளைப் பொருத்தியது, மூட்டுகளைச் சிற்ப வேலையில் மறைத்திருக்கிறார்கள். முன்னால் உள்ள யானைகள் பிற்பாடு வைத்தவை. அவற்றின் பின்னால் உற்றுப் பாருங்கள், பழைய குதிரைகளின் வாலும் பின்னங்காலும் மிஞ்சியிருக்கும். 1856-இல் எடுத்த புகைப்படங்களில் தேரின்மேல் செங்கல் விமானம் இருக்கிறது, இப்போது இல்லை. இசைத்தூண்களைத் தட்ட அனுமதி கிடையாது. தட்டித் தட்டித்தான் அவை தேய்ந்தன. யாராவது தட்டிக் காட்டுவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வெளியே தேர்வீதியின் அருகே திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் இடிந்து நிற்கிறது. வைணவத் தமிழ் துங்கபத்ரா வரை வந்த தடம் அது.

டிக்கெட் பற்றி

விட்டலர் கோயிலுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவர்க்கு 600. சார்க் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் 40-தான், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு 600. இதே டிக்கெட்டில் தாமரை மகால் உள்ள ஜெனானா என்ற அரச மகளிர் வளாகத்தையும் அதையொட்டிய பதினோரு அறை யானைக் கொட்டிலையும் பார்க்கலாம், ஆனால் அன்றைக்கு மட்டும். அதனால் அதை இரண்டாம் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

ஆற்றின் வடகரையில் ஆனேகுந்தி. அனுமன் பிறந்த இடமாக நம்பும் அஞ்சனாத்ரிக்கு 575 படி, அதிகாலையில் ஏறிவிடுங்கள். அக்கரைக்குப் படகில் போகலாம், ஆனால் மாலையில் நிறுத்திவிடுவார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே படகுக்காரரிடம் கேட்டுவையுங்கள். தவறவிட்டால் புக்கசாகரப் பாலம் வழியாக ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சுற்றித்தான் அறைக்கு வர வேண்டும், இருட்டியபின் அந்தச் சாலையில் ஆட்டோ கிடைப்பது அரிது.