சாக்கில் தைக்கும் சாட்சி: சிலி நாட்டு அர்பியேரா செய்முறை

அர்பியேரா என்பது சாக்கின் மேல் துண்டுத் துணி வைத்துத் தைக்கும் படம். அதற்கு முதலில் சணல் சாக்கு ஒன்று வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இப்போது காகிதப் பையிலோ பிளாஸ்டிக் வலைப் பையிலோதான் வருகின்றன, அதில் தைக்க முடியாது. துணிக்கடையில் சணல் துணியை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய மாவுப் பை மடித்துக் கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள், பின்பக்கத்துக்கு ஆகும். எங்கள் ஆயா அந்தப் பையில்தான் உள்பாவாடை தைப்பார்.

நான் டர்பனில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமைகளில் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முருகன் படமும் மயிலும் தைக்கலாமே, தென் அமெரிக்காவில் எங்கேயோ இருக்கும் சிலி நாட்டு வேலை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மயிலும் தையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அர்பியேராவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊசியைத் தொடுங்கள்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் அயெந்தே அன்றே இறந்தார். அதன்பின் 1990 வரை ஜெனரல் பினோசெட்டின் ஆட்சி. மூவாயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களைத் தேடிச் சிறை, ஆஸ்பத்திரி, பிணவறை என்று ஏறி இறங்கிய வீட்டுப் பெண்களுக்கு எங்கேயும் பதில் கிடைக்கவில்லை. கத்தோலிக்கர், லூத்தரன்கள், யூதர்கள் சேர்ந்து நடத்திய ஓர் உதவிக் குழுதான் இந்தப் பெண்களை ஓரிடத்தில் உட்கார வைத்தது. 1974 முதல் அங்கே சாக்கில் துண்டுத் துணி வைத்துப் படம் தைக்க ஆரம்பித்தார்கள். சாக்கில் கம்பளி நூலால் படம் போடுவது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. பாடகி வியோலெட்டா பார்ரா தைத்தவை 1964-லேயே பாரிஸில் லூவர் மாளிகையின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. இந்தப் பெண்களோ தங்களுக்கு நடந்ததைத் தைத்தார்கள். சர்ச் வழியாக அது வெளிநாட்டுக்குப் போய் விற்றது, வீட்டில் அடுப்பு எரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். சணலை ஒரு தலையணை உறை அளவுக்கு வெட்டுங்கள். ஓரம் நூல் நூலாகப் பிரியும், அதனால் நாலு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் மடித்து முதலில் தைத்துவிடுங்கள். மெஷின் வேண்டாம். கண் பெரிதான கம்பளி ஊசியும் கையும் போதும்.

அடுத்தது, எதைத் தைப்பது. இங்கேதான் நான் ஆட்களைப் பிடித்து நிறுத்துவேன். "அக்கா, நான் அபார்தைட்டைத் தைக்கப் போறேன்" என்று ஒருத்தி வருவாள். அபார்தைட் என்பது இந்த நாட்டில் முன்பு இருந்த நிறவெறி ஆட்சி, அதை யாராலும் அப்படியே தைக்க முடியாது. எந்த வீடு, எந்தக் கதவு, வீட்டைக் காலி செய்ய லாரி வந்தபோது அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்பேன். சிலிப் பெண்கள் கொடுங்கோன்மை என்று எழுதி ஒட்டவில்லை. தண்ணீர் வராத குழாய், தெருவே சேர்ந்து சமைத்த பொதுப் பானை, பூட்டிய தொழிற்சாலைக் கதவு, மூடிக்கிடந்த நாடாளுமன்றத்தின் கம்பி வேலியில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்ட பெண்கள் என்று ஒவ்வொன்றாகத் தைத்தார்கள். நமக்கும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950-இல் வந்த குடியிருப்புப் பிரிவினைச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன! எங்கள் குழுவில் ஒருத்தி, கூட்டிவர முடியாத கோழிகளைத் தன் அம்மா எண்ணிக்கொண்டே நின்றதைத் தைத்தாள். லாரியைவிடக் கோழி பெரிதாக வந்தது. மாற்றச் சொல்லவில்லை, அதுதான் சரி.

பின்னணியை மேலிருந்து கீழே கட்டுங்கள். சிலிப் பெண்கள் உச்சியில் தங்கள் நாட்டு ஆண்டிஸ் மலையை வைப்பார்கள், பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சூரியன் இருக்கும். டர்பனில் உட்கார்ந்துகொண்டு ஆண்டிஸைத் தைப்பதில் அர்த்தமில்லை. சாட்ஸ்வொர்த் மேட்டில் அடுக்கடுக்காக ஒரே அச்சு வீடுகள், அவற்றை ஒரே துணியிலிருந்து வெட்டுங்கள். கேட்டோ மேனர் என்றால் மாமரமும் வாழையும் வேண்டும். வீடுகளை இடித்துத் தள்ளிய பிறகும் அங்கே கோயில்கள் நின்றன, சுற்றிலும் பல வருஷம் காலி நிலம். சிலிக்காரிகள் சர்ச்சைத் தைத்த இடத்தில் நீங்கள் அந்தக் கோபுரத்தை வைக்கலாம்.

சோகக் கதைக்குச் சிவப்பும் மஞ்சளும் எதற்கு, சாம்பல் நிறம் போதாதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூரத்தில் பார்த்தால் திருவிழாத் துணி மாதிரி இருக்க வேண்டும். கிட்டே வந்தபிறகுதான் போலீஸ் வேன் கண்ணில் பட வேண்டும். பருத்தித் துண்டுகள் நல்லது. பாலியஸ்டர் புடவை பிசிறும், அதனால் ஓரத்தை அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்து, ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பிளாங்கெட் ஸ்டிச் போடுங்கள். ஜரிகைக் கரை கனம், சணலை இழுத்துக் கோணலாக்கிவிடும். காவடிக்குக் கட்டிய மஞ்சள் துணியில் கத்தரி வைக்கும் முன் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்.

காணாமல் போனவருடைய உடுப்பிலிருந்தே துண்டு எடுத்தவர்கள் சிலியில் உண்டு. நீங்களும் இறந்தவரின் சட்டையைக் கொண்டுவந்தால் உள்மடிப்பிலிருந்து வெட்டுங்கள். துண்டும் கிடைக்கும், சட்டையும் முழுசாக வீட்டிலிருக்கும்.

மனிதர்களைக் கட்டைவிரல் அளவுப் பொம்மைகளாகச் செய்து, உள்ளே துணித் துணுக்கு அடைத்து, கறுப்புக் கம்பளியில் முடி வையுங்கள். முகத்துக்கு இரண்டு கண்ணும் வாயும் போதும். கை மட்டும் சரியாக இருக்க வேண்டும்: தூக்கியிருக்கிறதா, கூப்பியிருக்கிறதா, ஒரு படத்தைப் பிடித்திருக்கிறதா என்று தெரியணும்.

இல்லாதவரை எப்படிக் காட்டுவது? குவேக்கா என்பது அங்கே ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஆடும் ஜோடி நடனம். 1978 முதல் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் அதைத் தனியாக ஆடிக் காட்டினார்கள், துணியிலும் தைத்தார்கள். நீங்களும் பக்கத்து இடத்தை வெறும் சணலாகவே விடுங்கள். காலியாக இருக்கிறதே என்று கை பரபரக்கும், ஒரு பூச்செடி வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

அப்புறம், இடம். கோயில் மண்டபம் கேட்டால் "இங்கே அரசியல் வேண்டாம்" என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். எங்களுக்கும் ஒரு மண்டபத்தில் சொன்னார்கள். சண்டை போடாமல், சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் பேராயர் கர்தினால் சில்வா ஹென்ரிக்கேஸ் செய்ததைச் சொல்லுங்கள். நான் முன்னால் சொன்ன அந்த உதவிக் குழுவை 1975 கடைசியில் பினோசெட் நெருக்கி மூட வைத்தார். 1976 ஜனவரி 1 அன்று கர்தினால் தன் மறைமாவட்டத்தின் கீழேயே ஒற்றுமைக்கான விகாரியா என்ற அலுவலகத்தைத் திறந்தார். அது இருந்தது தலைமைப் பேராலயத்தை ஒட்டிய கட்டடத்தில். தையல் குழுக்கள் அதன் நிழலில் தொடர்ந்தன. இவ்வளவையும் கேட்ட பிறகும் ஹால் கிடைக்காவிட்டால் யார் வீட்டு வராந்தாவிலாவது உட்காருங்கள்.

பின்பக்கத்துக்கு மாவுப் பைத் துணி, அதில் ஒரு சின்னப் பை. என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி அதில் வையுங்கள். சிலியில் பலர் அப்படித்தான் வைத்தார்கள். பயத்தில் பெரும்பாலும் பெயர் போடுவதில்லை. இங்கே இப்போது பெயர் போடலாம், ஆனால் கதை உங்களுடையது இல்லையென்றால் உரியவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். தமிழோ இங்கிலீஷோ, சொன்னவர் சொன்னபடி எழுதுங்கள்.

கடைசியில் நாலு ஓரமும் கம்பளி நூலில் குரோஷா பின்னிவிட்டு, மேலே காது வைத்து மூங்கில் குச்சியில் தொங்கவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் பொம்மைகள் நசுங்கும். டர்பன் வெயில்கால ஈரத்தில் சணல் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி இறக்கி நிழலில் காற்றாட விடுங்கள். தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், சிவப்புப் புடவைத் துண்டு எல்லாவற்றிலும் சாயத்தை இறக்கிவிடும்.